வண்டியைத் தூக்கிவிட்டால் தண்ணீர் ஏறாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற படம் செய்தித்தாள்களில் வந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தண்ணீர் வடியப் போவதில்லை, வண்டியைத் தூக்கிவிடலாம் என்பதுதான் அந்த முடிவு. பாடி லிஃப்ட் கிட் என்று, வண்டியின் பாடியை மட்டும் உயர்த்துகிற சாமான் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தெருவோரமாக ஜாக்கி போட்டு, சனி ஞாயிறில் வேலையை முடித்துவிடுகிறார்கள். நானும் என் அக்கா பையனும் அதையேதான் செய்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. என்னவெல்லாம் நடந்தது என்று எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஸ்டீயரிங் பற்றி எழுதியிருக்கிற பகுதியை மட்டும் விட்டுவிடாமல் போடுங்கள்.

நான் காசிமேட்டில் மீன் லோடு அடிக்கிறவன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியை எடுத்தால், ஐஸும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்கோ வானகரத்துக்கோ போய் இறக்கிவிட்டு, விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் வீடு. வண்டி பழைய பிக்கப், இரண்டாம் கையாக வாங்கியது. வீடு எர்ணாவூர் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கதவின் உள்பக்கம் விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு கோடு, சீட்டெல்லாம் எண்ணெய் நாற்றம், மேட்டைத் தூக்கினால் தரைத்தகட்டில் சேறு. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. பின் ஆக்ஸில் ஹவுசிங்கில், அதாவது பின் சக்கரங்களுக்கு நடுவே பல்சக்கரங்கள் இருக்கிற இரும்புக் கூட்டில் இருந்து, எண்ணெயை இறக்கினால் பால் டீ நிறத்தில் வந்தது, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டையும், ஸ்டார்ட்டரையும் ஹவுசிங்கையும், கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

அக்கா பையனுக்கு இருபத்து நாலு வயசு, என்னோடுதான் வண்டிக்கு வருகிறான். அவன்தான் செல்போனில் காட்டினான். "மாமா, ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா போதும், இனிமே தண்ணி கேபினுக்குள்ள வராது, பாக்கவும் நல்லா இருக்கும்" என்றான். வீடியோவில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். எனக்கும் அந்த எண்ணெய் நாற்றம் மூக்கை விட்டுப் போகாத நேரம் அது. சரி, வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

பாடி லிஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொலிரோ பிக்கப், டாடா யோதா, இசுஸு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் சேஸிஸ் தனி, பாடி தனி. ஏணி மாதிரி இருக்கிற சேஸிஸில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், டீசல் டேங்க் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் கேபினும் பின் பெட்டியும் ரப்பர் வைத்து போல்ட் போட்டு ஏற்றப்பட்டிருக்கும். பாடி லிஃப்ட் என்பது அந்த ரப்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வட்டமான ஒரு கட்டையைச் செருகி, பழைய போல்ட்டுக்குப் பதில் நீள போல்ட் போடுவது, அவ்வளவுதான். நைலான் மாதிரி பொருளில் வரும், அலுமினியத்திலும் வரும். ஒரு இஞ்சில் இருந்து மூன்று இஞ்ச் வரை விற்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வந்ததே பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான், தண்ணீருக்காக இல்லை. இதை வாங்குவதற்கு முன்னால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்தால் பதினாலு கறுப்புக் கட்டை, கேபினுக்கு ஆறு, பின் பெட்டிக்கு எட்டு. ஒரு பை நிறைய போல்ட், வாஷர். இங்கிலீஷில் ஒரே ஒரு தாள், அதிலும் படம்தான் அதிகம். ஸ்டீயரிங்குக்கு ஒன்றும் இல்லை, ரேடியேட்டருக்கு ஒன்றும் இல்லை. என்னென்ன இதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும் என்று ஒரு வரி கூடக் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லா போல்ட்டிலும் துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து ஊறவிட்டோம். அது நல்ல காரியம், ஆனால் எங்கள் வண்டிக்குப் பத்தவில்லை. மீன் வண்டி எப்படிப்பட்டது என்று தெரியும்தானே. பெட்டியில் இருந்து ஐஸ் உருகி, உப்பும் மீன் தண்ணீரும் கலந்து இருபத்து நாலு மணி நேரமும் சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும், அது போதாதென்று கடல் காற்று வேறு. பதினாலு போல்ட்டில் ஒன்பதுதான் ஒழுங்காகக் கழன்றது. கேபினின் இடது பக்கம் பின் போல்ட் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, கீழே இறங்கவே இல்லை. காரணம், அந்த போல்ட்டுக்கான நட்டு கேபின் தரையின் உள்ளே, மூடிய தகட்டுக்குள் வெல்டு வைத்திருக்கும். அந்த வெல்டு துருப்பிடித்து விட்டுப்போனால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும், கீழே இருந்து யாராலும் பிடிக்க முடியாது. சீட்டைக் கழற்றி, மேட்டை மடக்கி, கீழே வயரோ டீசல் பைப்போ போகவில்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தரைத்தகட்டைக் கட்டரில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் திறந்துதான் அந்த நட்டைப் பிடித்தோம். அந்த ஒரே ஒரு போல்ட்டுக்கு நாலு மணி நேரம் ஆனது. வீடியோவில் இருந்தவர் வண்டி புது வண்டி, கடலைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நம்ம ஊரில் காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் என்று கடலோரம் ஓடுகிற எந்தப் பழைய வண்டியிலும் இது நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பக்கத்து போல்ட்டை எல்லாம் எடுத்துவிட்டு, மறு பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி மட்டும் வைத்து, ஜாக்கி மேல் மரப்பலகை வைத்து கேபினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். இடைவெளி வந்ததும் பையன் கட்டையைச் செருகிவிட்டு, ஓட்டை நேராக வரவில்லை என்று இரண்டு விரலை உள்ளே விட்டு நகர்த்தினான். எங்கள் ஜாக்கி பழைய எண்ணெய் ஜாக்கி. அது சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். டேய், கையை எடு என்று கத்தினேன். எடுத்தான். அடுத்த நொடி கேபின் கட்டை மேல் "டக்"கென்று உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் தடித்த மரக்கட்டை கொடுத்துவிட்டுத்தான் கட்டையைத் தொட்டோம். விரலால் நகர்த்தவே கூடாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நகர்த்தலாம். ஜாக்கியை நம்பி யாரும் கையை விடாதீர்கள், அது புது ஜாக்கியாகவே இருந்தாலும்.

போல்ட் விஷயம். எங்கள் தெருவில் லேத் வைத்திருக்கிற பெரியவர் ஒருத்தர் சும்மா பார்க்க வந்தார். பையில் இருந்து ஒரு போல்ட்டை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்கப்பா?" என்றார். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ அச்சு இருக்கும். முதல் எண் அது எவ்வளவு இழுவை தாங்கும் என்பதற்கு, புள்ளிக்குப் பிறகு வருவது எந்த அளவில் அது நீண்டுபோக ஆரம்பிக்கும் என்பதற்கு. எங்கள் கிட்டில் வந்த போல்ட் தலை வழவழவென்று மொட்டையாக இருந்தது. கழற்றிய பழைய போல்ட்டின் துருவைச் சுரண்டிப் பார்த்தால் அதில் நம்பர் இருந்தது! ஒரு கேபினும் அதற்குள் இரண்டு மனுஷர்களும் சேஸிஸோடு ஒட்டிக்கொண்டிருப்பது இந்த போல்ட்டுகளால்தான். அதிலும் நடுவில் இரண்டு இஞ்ச் கட்டை வந்துவிட்டால், பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பாடி போல்ட்டை வளைக்கப் பார்க்கும், பழைய நீளத்துக்கு வந்த பாரத்தைவிட இது அதிகம். மறுநாள் காலையில் பிராட்வேக்குப் போய் 10.9 போட்ட போல்ட்டாகப் பார்த்து வாங்கி வந்தோம். அந்தப் பெரியவர் தற்செயலாக வந்திராவிட்டால் மொட்டை போல்ட்டைத்தான் போட்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டை பதினாலும் உட்கார்ந்துவிட்டது. தூர நின்று பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், வண்டி அழகாகத்தான் இருந்தது. பையன் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. இந்த வேலையின் சூட்சுமம் கட்டையில் இல்லை. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் எதெதெல்லாம் ஓடுகிறதோ, அது அத்தனையும் ஒரே நாளில் இரண்டு இஞ்ச் குட்டையாகிவிடுகிறது. அதுதான் விஷயம். ரேடியேட்டர் பாடியோடு மேலே போய்விட்டது, அதன் ஃபேன் கவரும் கூடவே போய்விட்டது, ஆனால் ஃபேன் எஞ்சினில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கவரின் கீழ் விளிம்பில் இறக்கை பட்டு கரகரவென்று சத்தம். உடனே அணைத்ததால் பிழைத்தது, இல்லையென்றால் இறக்கை உடைந்து ரேடியேட்டரையே கிழித்திருக்கும். ஃபேன் கவரைத் தனியாக அதே அளவுக்குக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டுமாம். கியர் லீவர் கியர்பாக்ஸில் இருக்கிறது, அதைச் சுற்றியிருக்கிற ஓட்டை கேபினில் இருக்கிறது. ரிவர்ஸ் போடப்போனால் லீவர் ஓட்டையின் ஓரத்தில் இடித்து முழுசாக விழவில்லை. டீசல் ஊற்றுகிற குழாய் பின் பெட்டியில், டேங்க் சேஸிஸில், நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் கிளாம்பில் இருந்து நழுவுகிற அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டை வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடிக்கொண்டு கேபிள் வழியாக ஓடும், லைட் மின்னும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும். ரேடியேட்டர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏசி இருந்தால் அதன் பைப், டர்போவுக்குக் காற்று போகிற குழாய், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரப்பர் பிரேக் ஹோஸைப் பார்த்துவிட்டு, அது தளர்வாகத்தானே இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டோம். அது சேஸிஸில் இருந்து சக்கரத்துக்குப் போவது, அதில் ஒரு மாற்றமும் வராது. மாற்றம் வருவது மேலே, பிரேக் பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இருந்து சேஸிஸுக்கு இறங்குகிற இரும்புப் பைப்பில். எங்கள் வண்டியில் அந்தப் பைப்பின் வளைவு நிமிர்ந்து, கிளிப் இருக்கிற இடத்தில் மடிய ஆரம்பித்திருந்தது. கிளட்ச் பைப்பும் அப்படித்தான். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் சக்கரத்தைத்தான் குனிந்து பார்ப்பார்கள். பானட்டைத் திறந்து பாருங்கள்.

இனி ஸ்டீயரிங். ஃபேன் கவரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, திங்கட்கிழமை காலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் எனக்குப் பல வருஷமாகப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகக் கீழே படுத்து, ஸ்டீயரிங்கில் இருந்து இறங்குகிற ராடைப் பார்த்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ராடு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று பல் வைத்துச் செருகியிருக்கும், கொஞ்சம் நீளவும் சுருங்கவும் வசதியாக. மேல் பாதி கேபினோடு போகும், கீழ்ப் பாதி ஸ்டீயரிங் பாக்ஸில், அதாவது சேஸிஸில் இருக்கும். ராடு முழுக்கத் துருவும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது, நடுவில் மட்டும் ஒன்றரை இஞ்ச் அளவுக்கு, பழைய கிரீஸ் பூசினபடி, வெள்ளி மாதிரி பளபளவென்று ஒரு பகுதி வெளியே வந்திருந்தது. இத்தனை வருஷம் உள்ளே இருந்த பகுதி அது. கழற்றிக் காட்டினார். உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது என் சுண்டுவிரல் நகத்தின் அகலம் கூட இல்லை.

அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் எர்ணாவூரில் இருந்து கொருக்குப்பேட்டை வரை வந்திருக்கிறோம். ஒரு பெரிய பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கியிருந்தால் ராடு வெளியே வந்திருக்கும், ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர், நடுவில் மீன் வாங்கப் போகிற பெண்களை ஏற்றிய ஆட்டோக்கள். அன்றைக்கு நான் ஓட்டாமல் பையன் தனியாக லோடு எடுத்துப் போயிருந்தால் என்ற நினைப்பு வந்து, அந்தப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு ராடை நீட்டுகிற துண்டு என்று தனியாக ஒன்று வருகிறது, அந்தந்த வண்டிக்கு அளவெடுத்துச் செய்தது. அது இல்லாமல் யாரும் தூக்கவே கூடாது. ஓட்டுகிற யோசனை இருந்தால் இதுதான் முதல் செலவு, கட்டை இரண்டாவதுதான். நடுவில் துண்டு வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள்தான், உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், தயவுசெய்து ஸ்டீயரிங் ராடில் வெல்டு வைக்க விடாதீர்கள். இன்னொன்று, பாடியைத் தூக்கும்போது சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங் சுற்றாதபடி சீட் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும். ஏர்பேக் இருக்கிற வண்டியில் ராடு கழன்ற நேரத்தில் ஸ்டீயரிங் இஷ்டத்துக்குச் சுற்றினால் உள்ளே இருக்கிற சுருள் வயர் அறுந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டதும் தண்ணீருக்காகத்தானே. முதலில் ஸ்டார்ட்டரையும் ஹவுசிங்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்டார்ட்டர் எஞ்சினில் இருக்கிறது, எஞ்சின் சேஸிஸில் இருக்கிறது. ஹவுசிங் ஆக்ஸிலில், சக்கரத்தோடு இருக்கிறது. பாடியை இரண்டு இஞ்ச் தூக்கினால் இந்த இரண்டும் ஒரு நூல் கூட மேலே போகாது. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் அப்படித்தான், கியர்பாக்ஸும் அப்படித்தான். மிக்ஜாமில் எனக்கு எது போய்ச் செலவு வைத்ததோ அது அத்தனையும் அதே உயரத்தில் அதே தண்ணீரில்தான் நிற்கும். கதவின் அடிப்பகுதியும், சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் வாயும் மட்டும் இரண்டு இஞ்ச் மேலே போகும். எங்கள் தெருவில் நின்ற தண்ணீருக்கு இரண்டு இஞ்ச் ஒரு கணக்கா? வண்டிக்கும் தரைக்கும் இருக்கிற இடைவெளியும் மாறாது, வேகத்தடையில் இடிக்கிற ஹவுசிங் நாளைக்கும் இடிக்கத்தான் செய்யும். அது மாற வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். டயர் பெரிதானால் பிரேக்குக்கு வேலை கூடும், மைலேஜ் குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஹைலக்ஸ் வண்டி 700 மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகலாம் என்று கம்பெனி சொல்கிறது, அது மொத்த வண்டியையும் கணக்கில் வைத்துச் சொன்ன அளவு, கட்டை வைத்ததும் 750 ஆகிவிடாது.

இன்னொன்று தெரு. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் வீட்டுப் படியில் இருந்து நேராகச் சக்கரத்துக்கு முன்னால்தான் இறங்கும். டிரைவர் இரண்டு இஞ்ச் மேலே உட்கார்ந்தால் முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடம் கூடும். ஹெட்லைட்டும் உயரும், சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சத்தைக் கீழே இறக்காமல் ஓட்டினால் எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். தூக்கிய வண்டிகளில் எத்தனை பேர் அதை இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் ராத்திரி டோல்கேட் பக்கம் நின்று பார்த்தால் தெரியும்.

சட்டத்தை நான் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன், முதலில் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்களை மாதிரி மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வேறு போக வேண்டும், எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்றால் வருஷா வருஷம். விபத்து நடந்தால் மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸில் தகராறு வரவும் வழி இருக்கிறது. இதெல்லாம் கிட் விற்கிற பெட்டியின் மேல் எங்கேயும் இல்லை.

கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டோம். எடுக்கும்போது மெக்கானிக் அண்ணன் பழைய மவுண்டிங் ரப்பர்களை வரிசையாகத் தரையில் வைத்துக் காட்டினார். எல்லாம் நசுங்கி, வெடித்து, சில ரப்பர் பாதித் தடிமன்தான் இருந்தது. புது ரப்பர் போட்டோம், கேபின் கொஞ்சம் நிமிர்ந்தது, வருஷக்கணக்காக இருந்த தடதட சத்தம் அன்றோடு நின்றது. பின்னால் பாரத்தைத் தாங்குகிற, தொய்ந்துபோன கமான் பட்டையை (வளைந்த ஸ்பிரிங் தகடுகள்) கழற்றி, அசல் வளைவுக்குக் கொண்டுவந்து போட்டோம், அதில் சேஸிஸோடு பின்பக்கம் நன்றாகவே எழுந்துகொண்டது. ஹவுசிங் சூடாகி ஆறும்போது மூச்சு விடுகிற சின்னத் துவாரம் ஒன்று இருக்கிறது, சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினதும் அது வழியாகத்தான் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதற்கு ஒரு ஹோஸ் மாட்டி உயரமான இடத்துக்கு ஏற்றிக் கட்டினார். கட்டைக்கும் போல்ட்டுக்கும் ஆன செலவில் பாதி கூட ஆகவில்லை, எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. தெருவில் நிற்கிற தண்ணீருக்கு மாநகராட்சிதான் பதில் சொல்ல வேண்டும், கட்டையும் போல்ட்டும் பதில் சொல்லாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். புதுக் கார் வந்தால் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், நல்லது. ஒரு வாரம் அந்த இடத்தில் இதை எழுதுங்கள், ஸ்டீயரிங் ராடு படத்தைப் பெரிதாகப் போட்டு, தமிழில். பையன்கள் கேட்காமல் இல்லை, கேட்பதற்குத் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை, வீடியோவில் இருக்கிற ஆள் சொல்வதுதான் அவர்களுக்குப் பாடம். கிட் விற்கிறவர்கள் எந்த வண்டிக்கு, எது சேர்ந்தது, எது தனியாக வாங்க வேண்டும், எந்த அனுமதி வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் வைக்கட்டும், நம்பர் இல்லாத போல்ட்டை விற்காமல் இருக்கட்டும். எஃப்.சி. பார்க்கிற இடத்தில் எந்த மாற்றம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு பலகை வைக்கப் போக்குவரத்துத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. வடசென்னையில் ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, சாயங்காலத்தில் மாதம் ஒரு நாள் சொந்த வண்டிக்காரர்களுக்கு போல்ட், பிரேக், ஸ்டீயரிங் இந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன், பையனையும் கூட்டிக்கொண்டு போவேன். அவனுக்கு இந்த வேலையில் நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது. அந்த நாலு மணி நேரம் ஒரு நட்டுக்காக அவன் பொறுமையாகப் படுத்துக்கிடந்ததை நான் பார்த்தேன். திட்டி வேண்டாம் என்று சொல்லி அந்த ஆர்வத்தை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

பதினாலு கட்டையும், மொட்டை போல்ட்டுகளும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஐஸ் பெட்டியில் கிடக்கின்றன. உங்கள் நிருபர் யாராவது படம் எடுக்க வந்தால் தருகிறேன். பகல் பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மீன் வண்டி ஓட்டும் ஒரு வாசகர்,
எர்ணாவூர், சென்னை.